கிராபிக் டிசைன் படிக்கும் தங்கைக்கு: வேலையைக் காட்டும் விதம்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்கு வந்து கிராபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை தன் வேலைகளின் கோப்பை இணைத்து நீண்ட கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம் இது: படிப்பு முடிய இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன, கொழும்பிலுள்ள நிறுவனங்களுக்கு அனுப்பிய 11 விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை, ஊரில் கேட்பவர்கள் எல்லோரும் சும்மா செய்துதரச் சொல்கிறார்கள், தன்னைப் பற்றித் தானே பேசுவது கூச்சமாக இருக்கிறது, சுயவிபரக் கோவையில் தோட்டத்து முகவரியைப் போடுவதா, கண்டியில் தங்கியிருக்கும் அறையின் முகவரியைப் போடுவதா என்பதும் தெரியவில்லை. ஹட்டனில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைப்பவனாகத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மும்மொழி வடிவமைப்பு வேலைகளைச் செய்துவருபவன் என்ற முறையில் இதற்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

உங்கள் கூச்சத்தை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. தன்னை அறியச் செய்வது என்றால் ‘படைப்பாற்றல் மிக்கவள், கடின உழைப்பாளி’ என்றெல்லாம் எழுதுவதுதான் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வேலை தருபவர்கள் அந்த வரிகளைப் படிப்பதேயில்லை. ஒரு வேலையை இந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தால் எதை யோசிக்கும், எதைத் தேர்ந்தெடுக்கும், எதை ஏன் விட்டுவிடும் என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். நீங்கள் அனுப்பிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். 24 பக்கங்களில் 24 படங்கள் இருக்கின்றன. ஒன்றின் கீழேனும் ஒரு வாக்கியம் இல்லை. இல்லாத கோப்பிக் கடைகளுக்கு வரைந்த லோகோக்கள் மட்டும் நான்கு. வரைந்த கை நல்ல கை என்பது பார்த்தவுடனே தெரிகிறது, ஆனால் என்ன யோசித்து அப்படி வரைந்தீர்கள் என்பது எங்கும் தெரியவில்லை. பதில் வராமல் போனதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோப்பில் 19ஆம் பக்கத்தில் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ். அதை நீங்கள் பெரிதாக மதிக்கவில்லை என்பது, அதைப் பின்னால் தள்ளி, சின்னதாகப் போட்டிருப்பதிலிருந்தே தெரிகிறது. எனக்கோ மொத்தக் கோப்பிலும் அதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. திருவிழா நோட்டீஸ் என்பது எவ்வளவு சிக்கலான பொருள் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து நாள் நிகழ்ச்சி, ஒவ்வொரு நாளுக்கும் நேரம், பூசை, அந்த நாளின் செலவை ஏற்கும் உபயகாரர் பெயர், மேற்பிரிவு கீழ்ப்பிரிவு என்று முறை, கமிட்டிக்காரர்கள் பெயர், உதவி செய்த கடைகளின் பெயர், அதற்கு மேல் அம்மன் படம் ஆகிய எல்லாம் ஒரே தாளுக்குள் அடங்க வேண்டும். வழக்கமான நோட்டீஸில் அம்மன் படம் பாதித் தாளை எடுத்துக்கொள்ளும். மீதியில் எல்லா எழுத்தும் ஒரே தடிப்பில், ஒரே அளவில் நெருங்கி நிற்கும். வேலை முடிந்து வரும் ஓர் அம்மா தன் லயத்துக்குரிய (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குரிய) உபயம் எந்த நாள் என்று தேட, முழுத் தாளையும் படிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அதில் நாட்களை இடது ஓரத்தில் பெரிய எண்களாக நிறுத்தி, உபயகாரர் பெயரைத் தடித்த எழுத்திலும் பூசை விவரத்தை மெல்லிய எழுத்திலும் போட்டிருக்கிறீர்கள். அம்மன் படத்தைச் சிறிதாக்கி மேலே நடுவில் வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தைச் சிறிதாக்கியதற்குக் கமிட்டித் தலைவர் நிச்சயமாக ஏதாவது சொல்லியிருப்பார். அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், அல்லது எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். பழைய வருட நோட்டீஸ் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பென்சிலில் போட்ட முதல் இரண்டு மூன்று கட்டமைப்புகளையும் வையுங்கள், அவை அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அச்சான தாள், காலையில் தொழிலாளர்கள் கூடும் பிரட்டுக்களத்துச் சுவரிலோ கடை வாசலிலோ ஒட்டப்பட்டிருக்கும் படத்தையும் சேருங்கள். இவை நான்கைந்து பக்கங்களில், பக்கத்துக்கு மூன்று நான்கு வாக்கியங்களுடன் வந்தால், உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லாமலே உங்களை அறியச் செய்துவிடுவீர்கள். இப்படி விரித்துக் காட்டும் வேலைகள் மூன்று இருந்தால் போதும். அவற்றோடு ஒற்றைப் பக்க வேலைகள் ஐந்தாறு சேர்த்தால் கோப்பு நிறைவடைந்துவிடும். கோப்பிக் கடை லோகோக்களை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. மலையகத்திலிருந்து வரும் ஒரு டிசைனருக்கு இதைவிடப் பெரிய பலம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். இலங்கையில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. வங்கி, மருத்துவமனை, மருந்துப் பெட்டி, பேருந்து நிலையம் என்று எங்கு பார்த்தாலும் மூன்று மொழிகளும் ஒன்றாக நிற்க வேண்டிய நாடு இது. ஆனால் பொதுப் பலகைகளில் தமிழ் எவ்வளவு பிழையோடும், இடமில்லாமல் நசுங்கியும் நிற்கிறது என்பதை நீங்களும் நானும் தினமும் பார்க்கிறோம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, சிங்களத்தை வாசிக்கத் தெரிந்து, ஆங்கிலத்தில் படித்த ஒரு டிசைனர் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தேவையை நிறைவேற்ற, எழுத்தின் உள்ளே இறங்கிப் படிக்க வேண்டும். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள்தான் அதிகம் வருகின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஒரு ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ அதைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் யூனிகோடு எழுத்தை அடோபி மென்பொருள்களில் அப்படியே ஒட்டினால் வேறொரு தொல்லை வரலாம். ‘கொ’ என்று தட்டியது, கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதையும், போட்டோஷாப்பில் எழுத்து விருப்பங்களில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதையும், இலஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான விருப்பத்தையும் தேர்ந்தெடுத்தால் அது சரியாகிவிடும். இலவச வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் தமிழ் தானாகவே சரியாக அமையும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில், ஒரு பாடசாலை மலரின் முன்னட்டைத் தலைப்பில் அந்தக் கொம்பு இடம் மாறியிருந்ததைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 500 பிரதிகள் கட்டி முடிந்த பிறகுதான் அதிபர் கண்டார். அட்டையைக் கிழித்து, மறுபடி அச்சடித்து, மறுபடி ஒட்டினோம். அந்தச் செலவு மூன்று மாதம் என் சம்பளத்தில் கழிந்தது. அன்றிலிருந்து தமிழ் எழுத்துள்ள எந்த வேலையையும் அச்சுக்கு முன் தாளில் எடுத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படிக்காமல் நான் விடுவதில்லை.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. ஆங்கிலத்தில் தலைப்பை முழுவதும் பெரிய எழுத்தில் போட்டு வேறுபடுத்தலாம். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லாததால், அந்த வேறுபாட்டைத் தடிப்பிலும் அளவிலும்தான் கொண்டுவர முடியும். ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் எடுப்பாக இருக்கும். தமிழில் அதையே செய்தால் காலும் கொம்பும் தத்தம் எழுத்தை விட்டுப் பிரிந்து சொல் சிதறிவிடும். ஒரே செய்தி தமிழில் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும் என்பதால், ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் தமிழைத் திணிக்கும்போதுதான் எழுத்து நசுங்குகிறது. அதனால் பெட்டியைத் தமிழுக்கு அளந்துவிட்டு மற்ற இரண்டையும் அதில் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்களத்துக்கு, கொழும்பிலுள்ள மூனியாக் எழுத்துருக் கூடம் வெளியிட்ட அபய லிப்ரே, கெமுனு லிப்ரே இரண்டும் அவ்வாறே கிடைக்கின்றன. எந்தத் தமிழ் எழுத்துரு எந்தச் சிங்கள எழுத்துருவோடு தடிப்பிலும் உயரத்திலும் ஒத்துப்போகிறது என்று ஒரு மாதம் சோதித்து, அந்த முடிவுகளை ஒரு தாளாக வெளியிட்டீர்களானால் கொழும்பு டிசைனர்களே அதைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள்.

சட்டைப்பையிலுள்ள ரூபா நோட்டை எடுத்துப் பாருங்கள். அந்தச் சிறிய தாளில் மூன்று மொழிகளும் ஒன்றையொன்று மிதிக்காமல் எப்படி இடம் பிடித்திருக்கின்றன என்பதை அளவுகோல் வைத்து அளந்து, பென்சிலால் பெரிதாக வரைந்து பாருங்கள். 1979இல் வந்த, இலங்கையின் மரஞ்செடிகளும் பறவை விலங்குகளும் நிறைந்த நோட்டு வரிசையை வடிவமைத்த லகீ சேனாநாயக்க தம்புள்ளைக்கு அருகில் ஒரு காட்டுக்குள் வாழ்ந்த கலைஞர். மாத்தளை அலுவிகாரையில் ஊர்ப் பெண்களை வைத்து பத்திக் துணிக்கு உலகளவில் பெயர் தேடிக் கொடுத்தவர் ஈனா டி சில்வா. கொழும்புக்கு வெளியிலும் இந்த அளவு வேலை செய்தவர்கள் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த விடுமுறையில் ஒரு மாதமாவது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஓர் அச்சகத்தில் நின்று வேலை பழகுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம், மெஷின் பக்கத்தில் நிற்க அனுமதி மட்டும் கேளுங்கள். தேயிலைக் கொழுந்தின் அந்த இளம் பச்சை திரையில் பளபளவென்று இருக்கும். நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கிப்போகும். அதற்குக் காரணம், திரை ஒளியால் காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும் மையால் காட்ட முடியாது என்பதுதான். வெட்டும் இடத்துக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி வைக்காவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். படங்கள் அச்சு அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இல்லாவிட்டால் கலங்கிப்போகும். வகுப்பில் இவை வெறும் குறிப்புகள். தாள் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மறப்பதில்லை.

கோப்பில் இடம்பெறத்தக்க உண்மையான வேலை போதாது என்றால், நீங்களாகவே இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை இங்குள்ள உண்மையான தேவையிலிருந்து வரட்டும். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்கு ஏறும் கூட்டத்துக்கு, இரவில் டோர்ச் வெளிச்சத்தில் படிக்கக்கூடிய மும்மொழி வழிகாட்டிப் பலகைகளை மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை திட்டமிட்டுப் பாருங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐக்கர் வரைந்த குறியுருவங்களை அதற்கு முன் ஒருமுறை கவனமாகப் படியுங்கள்; மொழி தெரியாதவருக்கும் வழி சொல்வது எப்படி என்பதை அவை கற்றுத்தரும். மாசி மாதத்தில் தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை வைத்து ஒரு போஸ்டர் வரிசையும் செய்யலாம். வேடம் கட்டும் அண்ணன்மாரிடம் கேட்டு, எந்த நிறம் யாருக்கு என்று அறிந்து செய்யுங்கள். கூகுளில் எடுத்த படத்தை வைத்துச் செய்தால் அதில் உயிர் இருக்காது.

தேயிலைப் பெட்டி வடிவமைக்க எல்லோருக்கும் ஆசை வரும். அதைச் செய்வதானால் தேயிலையை அறிந்து செய்யுங்கள். நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என்று ஏழு தேயிலைப் பிரதேசங்கள் உண்டு. பொகவந்தலாவை திம்புள்ளப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெட்டியில் போடும் சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுவதும் இலங்கைத் தேயிலையாகவும் இங்கேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருந்தால், சபையின் அனுமதியோடுதான் அதைப் பயன்படுத்தலாம். பயிற்சி வேலை என்று அலட்சியமாக அதை ஒட்டிவிடாமல், அந்த இடத்தை வெற்றாக விட்டு, ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதினால், தேயிலைக் கம்பனியில் பொதி வடிவமைப்பைப் பார்க்கும் ஒருவர் உங்களை உடனே கவனிப்பார்.

இவற்றை எங்கே போடுவது என்பதில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிசைனர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் அடோபியின் பிஹான்ஸ் தளத்தில் அந்த மூன்று விரிவான வேலைகளையும் போடுங்கள். லிங்க்ட்இன்னில் ஒரு கணக்கை ஒழுங்காக வைத்திருங்கள். பத்து மெகாபைட்டுக்குள் ஒரு பிடிஎஃப் கோப்பைத் தயாராக வைத்திருங்கள். ஹட்டன், தலவாக்கலைக் கடைக்காரர்களை அடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் பிஹான்ஸைவிடப் பயன்படும். அச்சான வேலைகளைப் படமெடுப்பதற்குக் காலை எட்டு மணிக்கு மூடுபனி இருக்கும்போது ஜன்னலோரம் வையுங்கள். நிழல் விழாத அப்படிப்பட்ட வெளிச்சத்துக்கு நகரத்துக்காரர்கள் விளக்கு வாங்குகிறார்கள். விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, ஒரே கடிதத்தை 11 பேருக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி உண்மையாக இரண்டு வரி எழுதி, அதில் தமிழ்ப் பகுதியை நீங்கள் எப்படிக் கையாண்டிருப்பீர்கள் என்பதை ஒரு பக்கமாக இணைத்து அனுப்புங்கள். பயிலுநராகச் சேர விருப்பம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

சும்மா செய்துதரச் சொல்பவர்களைப் பற்றி வருத்தமாக எழுதியிருந்தீர்கள். கோயிலுக்கும் அறநெறிப் பாடசாலைக்கும் இலவசமாகச் செய்வது நம் ஊர் முறை, அதை விட வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் ஒரு பில் எழுதுங்கள். வடிவமைப்புக் கட்டணம் 8,000 ரூபா, அன்பளிப்பாகக் கழித்தது 8,000 ரூபா என்று எழுதிக் கொடுத்தால், வேலைக்கு விலை உண்டு என்பது ஒரு சண்டையும் இல்லாமல் எல்லோருக்கும் புரியும். நோட்டீஸின் அடியில் உங்கள் பெயரைச் சிறிதாகப் போடவும், வேலையை உங்கள் கோப்பில் காட்டவும் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். கடை முதலாளிகளுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் இலவசம் கூடாது. பாதிப் பணம் முற்பணமாக வாங்குங்கள். இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்பதை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். எல்லா உறவுக்காரரும் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள்; மாமாவோ சித்தப்பாவோ கோபித்துக்கொண்டால் அம்மாவை அவர்களோடு பேசச் சொல்லுங்கள்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருந்து செய்த வேலையின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், அந்த நிறுவனத்துக்கே உரியது. ஆகவே வேலைக்குச் சேரும்போதே, நீங்கள் செய்ததை உங்கள் கோப்பில் காட்டலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளி வேலையாகச் செய்வதானால் யாருக்கு என்ன உரிமை போகிறது, மூலக் கோப்பு சேர்ந்து போகிறதா என்பதை வேலை தொடங்குமுன் தீர்மானியுங்கள். மற்றவர்களின் படங்களையும் எழுத்துருக்களையும் எடுக்கும்போது நீங்களும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

தகைமை விடயத்தில், உங்கள் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, உங்கள் கற்கைநெறி தேசிய தொழில் தகைமையின் எந்த மட்டத்துக்குச் சமம் என்பதை இந்த வாரமே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெறுங்கள். ஏழு மட்டங்கள் உள்ளன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா நிலை, ஏழு பட்டத்துக்குச் சமமானது. பின்னாளில் மேலே படிக்க நினைத்தால் அந்தக் கடிதம் தேவைப்படும்.

முகவரி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதை எவ்வளவு தயங்கி எழுதியிருக்கிறீர்கள் என்பது வாக்கியத்தில் தெரிந்தது. நானும் ஒரு காலத்தில் தோட்டத்துப் பெயரை மறைத்து, ஹட்டன் நகரிலிருந்த ஒரு கடையின் முகவரியைப் போட்டிருக்கிறேன். அதனால் எனக்கு ஒரு வேலையும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. கடிதங்கள்தான் தாமதமாக வந்து சேர்ந்தன. உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் பெயரைத் தமிழில் பெரிதாகவும், அதன் கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அளவாகவும் எழுதுங்கள். அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் பொகவந்தலாவை என்பதையும் மூன்று மொழியிலும் போடுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் சரியாக உட்கார எனக்கு ஒரு முழுநாள் பிடித்தது, உங்களுக்கும் பிடிக்கும். அந்தப் பக்கத்தையும் திருத்திய நோட்டீஸ் பக்கங்களையும் மாத முடிவுக்குள் அனுப்புங்கள், நான் பார்த்து, எழுத்தெழுத்தாகக் குறிப்பிட்டு அனுப்புகிறேன்.